ஊர் போய்ச் சேரும் வரை

தமிழ்நாட்டில் லாரி ஓட்டுபவர் ஆனாலும், பஞ்சர் கடையில் தொழில் பழகும் பையன் ஆனாலும், மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்றுதான் சொல்வார்கள். அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்துகொண்டிருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் ஒரு புதுப் பொருளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அன்றைய மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் கிடையாது. குதிரை லாடத்தின் ஆணி குத்திக் காற்று போனால், நடுவழியில் உட்கார்ந்து டயரை நெம்பி, டியூபை உருவி, ஒட்டுப் போட்டு, மறுபடி காற்றடித்தாக வேண்டும். மழையானாலும் இருட்டானாலும் அதேதான்.

டேவிஸ் சகோதரர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத வெறும் வளையம். அதன்மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அதன் பக்கத்தில் இந்த வளையத்தை ஒட்டவைத்துக் கவ்விகளை முறுக்கிவிட்டால் வண்டி நகரும். பழுது பழுதாகவே இருக்கும், பக்கத்தில் நிற்பது தோள் கொடுக்கும். வீடு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பஞ்சரைப் பார்க்க வேண்டும். அந்த வளையம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. பெயர் மட்டும் இந்தியாவில் தங்கியது. பிரேசிலிலும் அதே சொல் எஸ்டெப்பே என்று திரிந்து இன்றும் புழங்குகிறது.

பட்டறையில் பழுது பார்ப்பதும் வழியில் பழுது பார்ப்பதும் ஒரே கலை என்று பலர் நினைக்கிறார்கள். பட்டறையில் வண்டியை விட்டவர் கேட்பது, “புதுசு மாதிரி ஆயிடுமா?” வழியில் நிற்பவர் கேட்பது, “எதுவரைக்கும் தாங்கும்?” இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதற்கு வேறு விதமான அறிவு வேண்டும். சாலையும் ஆளும் இல்லாத நிலத்தில் அந்த அறிவுதான் உயிரைக் காக்கிறது. அதைப் பற்றி எழுதும்போது எகிப்தின் மேற்கே உள்ள லிபியப் பாலைவனத்தில் தொடங்குவதே நியாயம். ஏனென்றால் அங்கே சிலர் அதை ஒரு முறையான படிப்பாகவே ஆக்கினார்கள்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் இலகுரகக் கார் ரோந்துப் பிரிவுகள் ஃபோர்டு மாடல் டி கார்களில் அந்தப் பாலைவனத்தைச் சுற்றிவந்தன. பத்தாண்டு கழித்து, 1926-இல் எகிப்துக்கு வேலையாக வந்த ரால்ஃப் பாக்னால்ட் என்ற ராணுவப் பொறியாளர் அந்த வித்தைகளைத் தூசி தட்டி எடுத்தார். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நண்பர்களோடு சொந்தச் செலவில் மணலுக்குள் போனார். மாடல் டி அதற்கு ஏற்ற வண்டிதான். கனம் குறைவு, முன்பக்கத்தை நாலு பேர் சேர்ந்தால் தூக்கித் திருப்பலாம். பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில், பம்பு கிடையாது, எரிபொருள் தானாக வழிந்துதான் இன்ஜினுக்குப் போக வேண்டும். ஆகவே மேடு செங்குத்தாக இருந்தால் முன்பக்கமாக ஏறும் கார் மூச்சடைத்து நின்றுவிடும். அப்போது ஓட்டுபவர் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார். அந்த நிலையில் டேங்க் இன்ஜினைவிட மேலே வந்துவிடும், பெட்ரோல் தடையில்லாமல் இறங்கும்.

அந்த வண்டிகளில் பொருத்தியிருந்த தகர டப்பாவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பாலைவன வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும்; நீராவி குழாய் வழியாக வெளியே போய்விடும். குடிக்கும் தண்ணீரையே ரேடியேட்டருக்கு ஊற்ற வேண்டிய இடத்தில் அது உயிரையே வெளியே விடுவதற்குச் சமம். ஆகவே ரேடியேட்டர் மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்து, ஆவி போகும் குழாயை வளைத்து, வண்டியின் பக்கப்படியில் கட்டிய ஒரு டப்பாவுக்குள் விட்டார்கள். டப்பாவில் பாதிக்குத் தண்ணீர். ஆவி அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் போய்த் தண்ணீராகும். டப்பாவும் கொதித்துத் தெறிக்க ஆரம்பித்தால் வண்டியைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ரேடியேட்டர் குளிர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டாகும். ஒரு நிமிடத்தில் களக் களக் என்று சத்தம் கேட்கும். டப்பாத் தண்ணீர் முழுவதும் திரும்ப ரேடியேட்டருக்குள் போயிருக்கும். இன்றைய கார்களின் பானெட்டுக்குள் கூலன்ட் நிரம்பியிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்தது காற்று. மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஏன் என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும். இரண்டு டன் வண்டியில் ஒரு சக்கரத்தின்மேல் 500 கிலோ. டயரில் காற்று 32 பவுண்டு இருந்தால் அது தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர். காற்றை 16 பவுண்டாகக் குறைத்தால் அந்தப் பரப்பு இரண்டு மடங்காகிறது. சுமை மாறவில்லை, ஆனால் மணல் தாங்க வேண்டிய அழுத்தம் பாதியாகிவிட்டது. டயர் அகலவாக்கில் விரிவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் பதியும். ஒட்டகத்தின் பாதம்போல் ஆகிறது. கெட்டித் தரை வந்ததும் மறக்காமல் காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கிழியும்.

அப்படியும் வண்டி சிக்கும். சிக்கிய நொடியில் ஓட்டுபவரின் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தப் பார்க்கிறது. அந்த அரை நிமிடத்தில் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டி, அச்சு மணலில் படிந்து, வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும். மீட்புக் கலையின் முதல் வித்தை காலை எடுப்பதுதான். இறங்கி, சுற்றி வந்து, எந்தச் சக்கரம் எவ்வளவு புதைந்திருக்கிறது, எந்தப் பக்கம் இறக்கம், எந்தப் பக்கம் மணல் இறுகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மணலைப் பார்க்காமல் வண்டியை மட்டும் பார்ப்பவர் அங்கேயே இரவைக் கழிக்க வேண்டியதுதான்.

பாக்னால்டுக்குக் கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் நீளமான எஃகுத் தகடுகள் கிடைத்தன. பள்ளமாக வளைத்த தகடுகள். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போட்டவை. அவற்றைக் காரின் பக்கத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். வண்டி சிக்கியதும் பின்சக்கரங்களுக்கு முன்னால் மணலைக் கையால் வாரி ஒதுக்கி, தகட்டின் நுனியைச் சக்கரத்துக்கு அடியில் நுழைப்பார்கள். கிளட்ச்சை மெதுவாக விட்டதும் சக்கரம் தகட்டைப் பற்றி ஏறும். மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். ஏறிய வண்டி நிற்கக் கூடாது, கெட்டித் தரை வரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். சூடேறிய தகட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவது மற்றவர்களின் வேலை. ஒரே நாளில் பலமுறை இதைச் செய்தார்கள். அதனாலேயே அவர்களுக்கு மணலின் முகம் பழகியது. எந்த நிறத்து மணல் தாங்கும், காலை வெளிச்சத்தில் எது ஏமாற்றும், அலையலையாகக் கோடு விழுந்த சரிவு எப்போது உறுதியானது என்பதெல்லாம் தெரிந்தது. ஒருமுறை நூறடிக்கும் மேல் எழும்பிய குன்றை நோக்கி நாற்பது மைல் வேகத்தில் காரை விட்டார் பாக்னால்ட். புதையும் என்று எதிர்பார்த்த வண்டி, லிஃப்டில் போவதுபோல் குலுங்காமல் மேலேறியது. அதுவரை யாராலும் தாண்ட முடியாது என்று வரைபடங்களில் விடப்பட்டிருந்த பெருமணற்கடல் அதன்பின் கார்களுக்குத் திறந்துகொண்டது.

இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூலையில், பாக்னால்ட் உருவாக்கிய நீள்தூரப் பாலைவனப் பிரிவு இந்த வித்தைகளை நம்பித்தான் எதிரியின் பின்புறம் நூற்றுக்கணக்கான மைல் போனது. தயாராவதற்கு அவருக்குக் கிடைத்தது ஆறு வாரம். வண்டிகள் பெரும்பாலும் கெய்ரோவில் திரட்டிய செவர்லே லாரிகள். நான்கு சக்கர இழுவைகூட அவற்றில் கிடையாது. முதலில் சேர்ந்த வீரர்கள் நியூசிலாந்துக்காரர்கள். பலர் பண்ணை வேலை பார்த்தவர்கள், பழுது பார்ப்பவரைத் தேடிப் போக வழியில்லாத இடங்களில் வளர்ந்தவர்கள். பின்னர் இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகளிலிருந்து வந்த வீரர்களைக் கொண்ட ஓர் இந்திய நீள்தூர அணியும் இவர்களோடு சேர்ந்து பாலைவனத்தில் இயங்கியது. போர் வரலாறுகளில் அந்த அணிக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. அவர்களும் அதே தகடுகளைத் தூக்கிக்கொண்டு அதே மணலில் ஓடியவர்கள் என்பதை இங்கே பதிந்து வைக்க வேண்டும்.

இந்தக் கலையில் கைகொடுப்பவை எல்லாம் சாதாரணப் பொருள்கள். பெட்ரோல் டேங்கில் கீறல் விழுந்தால் சோப்புக் கட்டியை அதில் அழுத்தித் தேய்ப்பார்கள். தண்ணீரில் கரையும் சோப்பு பெட்ரோலில் கரையாது, கசிவு நிற்கும். ஸ்பிரிங் பட்டை முறிந்தால் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு மரக்கட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். நான்கு சக்கர இழுவையுள்ள பழைய ஜீப்பில் பின்பக்கக் கிரவுன் பல்சக்கரம் உடைந்தால், பின்னால் போகும் ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு முன்சக்கர இழுவையிலேயே ஊர் வந்து சேரலாம். பிரேக் குழாய் ஒரு சக்கரத்தில் அறுந்தால், அறுந்த இடத்துக்கு மேலே குழாயை மடித்து நசுக்கினால் மற்ற சக்கரங்களுக்காவது பிரேக் மிஞ்சும். மிக மெதுவாகத்தான் போக வேண்டும். ஒழுகும் ரேடியேட்டரில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றுவார்கள். சூட்டில் அது வெந்து ஓட்டையை அடைக்கும். ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். ஊர் வந்ததும் முழுவதையும் இறக்கிக் கழுவ வேண்டும். வழியில் செய்த ஒவ்வொரு பழுதுபார்ப்பும் பட்டறையில் தீர்க்க வேண்டிய ஒரு கடன். அந்தக் கடனை மறந்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்களால்தான் இந்தக் கலைக்கே ‘ஒப்பேற்றும் வேலை’ என்று கெட்ட பெயர் வருகிறது.

ஆஸ்திரேலியாவின் நடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரத்தில் யுவெண்டுமு என்ற ஊர் இருக்கிறது. வார்ல்பிரி பழங்குடி மக்களின் ஊர். செம்மண் பாதை, மணிக்கணக்காகப் போனாலும் எதிரே வண்டி வராது. அங்கத்து இளைஞர்கள் பழைய கார்களை ஓட்டுகிற, ஓட வைக்கிற விதத்தை வார்ல்பிரி மக்களின் சொந்த ஊடக அமைப்பு படமாக எடுத்தது. முதலில் ஓர் ஆவணப்படம், பிறகு 2001-இல் ‘புஷ் மெக்கானிக்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர். நாடு முழுவதும் அதைப் பார்த்துக் கொண்டாடியது.

அதில் ஒரு காட்சி. டயர் பஞ்சர், ஸ்டெப்னி இல்லை, ஒட்டும் இல்லை. அந்த இளைஞர்கள் சுற்றிலும் பார்க்கிறார்கள். எங்கும் ஸ்பினிஃபெக்ஸ் புல், ஊசி ஊசியாகக் கொத்துக் கொத்தாக வளர்வது. அதைப் பிடுங்கி டயருக்குள் திணிக்கிறார்கள். ஒரு கைப்பிடி போதாது. திணித்துத் திணித்து, குச்சியால் குத்தி இறுக்கி, டயர் உப்பும்வரை அடைக்கிறார்கள். கார் நகர்கிறது. சாமான் ஏற்ற இடம் போதாதபோது காரின் கூரையை வெட்டி எடுத்து, மல்லாக்கப் போட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். பாதையோரம் கைவிடப்பட்டுக் கிடக்கும் கார்கள்தான் அவர்களின் உதிரிபாகக் கடை. எந்தப் புதருக்குப் பின்னால் எந்த வண்டி கிடக்கிறது, அதில் எது இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது என்பது மனப்பாடம்.

அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் பிசினைக் காய்ச்சி ஈட்டி முனையைக் காம்போடு ஒட்டும் தொழில்நுட்பம் அந்தக் கண்டத்துப் பழங்குடிகளிடம் நெடுங்காலமாக இருக்கிறது. எந்தப் புல் எதைத் தாங்கும் என்று அறிந்தவர்களின் கைக்கு ஒரு பழைய கார் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். கம்பெனி அச்சடித்த கையேட்டில் இல்லாத ஒரு வழியை அந்த நிலமே அவர்களுக்குச் சொன்னது.

இத்தனை புகழ்ந்த பிறகு ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். சிக்கிய வண்டியை இன்னொரு வண்டியால் இழுக்கும்போது ஆட்கள் செத்திருக்கிறார்கள். நீளும் நைலான் பட்டையைக் கட்டி, இழுக்கும் வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டு வெட்டி இழுப்பது இப்போது பரவலான முறை. 2,500 கிலோ வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அதில் இருக்கும் ஆற்றல் 21,000 ஜூலுக்கு மேல். பத்து மாடி உயரத்திலிருந்து ஓர் ஆள் விழும்போது உண்டாகும் ஆற்றல் அது. அந்தப் பட்டையை, டிரெய்லர் மாட்டுவதற்காக வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டில் மாட்டினால், குண்டு முறிந்து தோட்டாபோல் கண்ணாடியைத் துளைத்து வரும். அது இதற்காகச் செய்த பாகமே இல்லை. இழுப்பதற்கென்று சேஸிஸில் வைத்த கொக்கியில்தான் கட்ட வேண்டும். கயிற்றின் நடுவே ஒரு நனைந்த சாக்கைப் போட வேண்டும். அறுந்தால் அது கயிற்றைத் தரைக்கு இழுக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்துக்கும் மேலே தள்ளி நிற்க வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. மரமில்லாத வெளியில், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ள உதவும் வின்ச் கயிற்றைக் கட்ட அனுபவசாலிகள் ஸ்டெப்னியையே ஆழக் குழிதோண்டிப் புதைத்து நங்கூரமாக்குவார்கள். அரை நாள் வேலை. அந்த அரை நாளை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் விபத்து நேர்கிறது.

பாக்னால்டின் கதை காரோடும் போரோடும் முடியவில்லை. சிக்கிச் சிக்கி மணலைப் பார்த்தவருக்கு அது ஏன் அப்படிக் குவிகிறது என்ற கேள்வி விடவில்லை. போருக்கு முன்பே லண்டனில் தானே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ந்தார். மணலின் இயற்பியல் பற்றிய அவருடைய நூல் 1941-இல் வெளிவந்தது. செவ்வாய்க் கோளில் கேல் கிண்ணக்குழியில் உள்ள மணற்குன்றுகளுக்கு இன்று அவர் பெயர்தான். நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி அவற்றை நேரில் போய் ஆராய்ந்தது.

அதே கோளின் இன்னொரு இடத்தில் ஸ்பிரிட் என்ற ஊர்தி இருக்கிறது. 2004 ஜனவரியில் இறங்கியது. திட்டமிட்ட ஆயுள் 90 நாள். 2006-இல் அதன் ஆறு சக்கரங்களில் முன் வலச் சக்கரம் சுழல மறுத்தது. பஞ்சர் கடை கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம். பொறியாளர்கள் ஊர்தியைத் திருப்பி, செத்த சக்கரம் பின்னால் இழுபடும்படி ரிவர்ஸில் ஓட்டினார்கள். மணற்சரிவில் மாடல் டியைத் திருப்பிய அதே தைரியம்தான் இது. இழுபட்ட சக்கரம் தரையைக் கீறிக்கொண்டே போனது. 2007-இல் அந்தக் கீறலுக்கு அடியில் வெள்ளை வெளேரென்று சிலிக்கா மண் தெரிந்தது. அங்கே ஒரு காலத்தில் வெந்நீர் ஊற்றோ நீராவித் துளையோ இருந்திருக்கும் என்பதற்கு அது சான்று. சக்கரம் நன்றாகச் சுழன்றிருந்தால் அதன் மேலே ஏறிப் போயிருக்கும்.

2009 மே மாதம் ஸ்பிரிட் தரையின் மெல்லிய மேலோட்டை உடைத்துக்கொண்டு பொடி மண்ணில் புதைந்தது. கலிஃபோர்னியாவில் அதேபோன்ற மண்ணைக் கலந்து ஒரு தொட்டியில் நிரப்பி, இன்னொரு ஊர்தியை அதில் புதையவிட்டு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நவம்பரில் இழுக்கத் தொடங்கினார்கள். இன்னொரு சக்கரமும் போனது. சக்கரத்துக்கு அடியில் ஒரு தகட்டை நுழைக்க அங்கே ஒரு கை இல்லை. 2010 ஜனவரியில் இனி அது நகராது என்று நாசா அறிவித்தது. மார்ச் 22-க்குப் பிறகு அதனிடமிருந்து சத்தமில்லை. 90 நாள் தாங்கினால் போதும் என்று அனுப்பிய வண்டி ஆறாண்டுக்கு மேல் உழைத்திருந்தது.

இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஏதாவது சென்சார் தவறாகப் பேசினால், அது இன்ஜினின் வலுவைக் குறைத்து, நொண்டிக்கொண்டாவது வீடு போய்ச் சேரும்படி வண்டியை ஒரு தனி நிலைக்கு மாற்றும். டேவிஸ் சகோதரர்களின் வளையம் சொன்னதைத்தான் அதுவும் சொல்கிறது. அதே சமயம் பல புதிய கார்களில் ஸ்டெப்னியையே எடுத்துவிட்டு, ஒரு பசை பாட்டிலையும் சின்ன கம்ப்ரஸரையும் வைத்துக் கொடுக்கிறார்கள். ஆணி குத்தினால் அந்தப் பசை அடைக்கும். கல் பட்டு டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் அடைக்காது. காட்டுப் பாதையில் கிழிவது பெரும்பாலும் பக்கவாட்டுச் சுவர்தான். விலையையும் எடையையும் குறைக்கச் செய்த இந்த ஏற்பாடு நகரத்துக்குப் பொருந்தலாம். தார் முடிந்த இடத்துக்குப் பொருந்தாது.

மலைக்கோ காட்டுக்கோ வண்டியெடுத்துக் கிளம்புகிறவர்கள் முந்தின நாள் மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பின்கதவைத் திறந்து, மெத்தையைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கி எங்கே இருக்கிறது, அதை எங்கே வைத்துத் தூக்க வேண்டும், இழுக்கும் கொக்கி எங்கே என்று வெளிச்சத்திலேயே ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.